மூன்று கல் மோதிரமும் விடுப்பில் போன இடது கையும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மார்ச் மாதம் இரு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

2. ஏப்ரலில் சூலியா தெருவில் அறுபத்தாறு வெள்ளிக்கு ஒரு மோதிரம் பேசி, ஆறு வெள்ளி முன்பணம் கொடுத்தோம்.

3. மீதி அறுபதை மாதம் ஐந்தாகப் பன்னிரண்டு தவணையில் கட்டுவதற்கு நான் ஒரு பட்டியல் போட்டேன்.

4. பட்டியலில் ஒரு பிழை இருந்தது.

5. ஏழாவது தவணை கட்டிய கையோடு அந்தப் பிழை கோயிலில் உரக்க வாசிக்கப்பட்டது.

6. ஒரு நண்பகலில், முழுப்பணமும் கட்டாத மோதிரம் என் விரலில் இறுகிக்கொண்டது.

7. நான் பணி ஓய்வு பெற்றேன். வயது இருபத்தாறு.

என் இடத்துக்கு வந்திருக்கும் தெரசா போன வாரம் வீட்டுக்கு வந்தாள். சுவிட்ச்போர்டைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று எண்ணி, பதினேழாம் எண்ணின் தகடு தானாக விழும் கோளாறு, பாட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது என்றெல்லாம் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அக்கா, அந்த மோதிரத்த எப்படிக் கட்டி முடிச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்குத் தேவைப்படுது."

ஆபீசில் இதைப் பற்றி மூன்று விதமாகக் கதை உலவுகிறதாம். ஒன்றில், நகைக்கடைக்காரர் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். அவர் கொண்டு வந்தது ஒரு குடை மட்டுமே. இனி கதை நான்காகிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில். கம்பெனிக்குச் சொந்தமாக முப்பது இணைப்புள்ள ஒரு சுவிட்ச்போர்டு இருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஏழாவது முடித்துவிட்டு, ஆறு மாதம் பயிற்சி பெற்றேன். முதல் மாதம் பேசவே விடவில்லை. வயரைச் சுற்றி வைப்பதும் பாட்டரியின் அமிலத்தை அளப்பதும்தான் பாடம். ஏழாம் மாதம் நாற்காலி கிடைத்தது. அதில் எட்டு வருடம் உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். யாராவது தங்கள் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் பலகையில் அவர்களுடைய எண்ணுக்கு மேல் ஒரு சிறிய தகடு விழும். அந்தத் துளையில் ஒரு பிளக்கைச் செருகி, "யார் வேண்டும்?" என்று கேட்க வேண்டும். இரண்டாவது பிளக்கை அவர் சொன்ன துளையில் செருகி, மணி அடிக்க வேண்டும். பேசி முடித்ததும் இரண்டையும் உருவ வேண்டும். கேட்டதை மறந்துவிட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் கம்பெனியில் பேசுவதில் பாதி மூட்டைக் கணக்கு, மறப்பது சுலபம்.

எங்கள் சூப்பர்வைசர் மிஸ் ரோசலின், யுரேஷியப் பெண்மணி. வெள்ளைக் காலர், கழுத்தில் ஒரு கடிகாரம், கையில் ஒரு தடித்த பதிவேடு. விதியில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பார். எழுதாததை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தினமும் காலை ஏழு மணிக்கு, "கைகள்" என்பார். நாங்கள் மூன்று பெண்களும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். மோதிரமும் வளையலும் பலகைக்கு ஆகாது. உலோகம் பிளக்கின் முனையில் உரசினால் பேசுகிறவர் காதில் 'டப்'பென்று வெடிக்கும். பார்த்துவிட்டு, "கைகள் பார்க்கப்பட்டன, மோதிரம் இல்லை" என்று பதிவேட்டில் எழுதுவார். எட்டு வருடமும் அதே வாக்கியம்தான். அவர் பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் குரலின் இஸ்திரி மடிப்பு தமிழில் வராது.

கம்பெனியின் விதிப் புத்தகத்தில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. மணம் நிச்சயமான பெண் அந்த வாரத்தோடு விலகிவிட வேண்டும். நிச்சயமான நாள் என்பது மோதிரம் அணிந்த நாள். விலகும்போது ஒரு மாதச் சம்பளம் அன்பளிப்பாகக் கிடைக்கும். மோதிரத்தை மானேஜர் துரை கண்ணால் பார்த்த பிறகுதான் கிடைக்கும். துரைமார் ஊரில் மோதிரம்தான் நிச்சயம் போலிருக்கிறது. நம் ஊரில் வெற்றிலைத் தட்டு மாறியதுமே பாதிக் கல்யாணம் முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் வெற்றிலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே மார்ச்சிலிருந்து நான் தெருவுக்கு நிச்சயமானவளாகவும் ஆபீசுக்கு நிச்சயமாகாதவளாகவும் இருந்தேன்.

இனி மோதிரம்.

எனக்குப் பேசிய மாப்பிள்ளை இன்னாசிக்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க் வேலை. சம்பளம் நாற்பது வெள்ளி. அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான்கு வெள்ளி கைச்செலவுக்கு வாங்கிக்கொள்கிறவர். மாப்பிள்ளை வீட்டார்தான் மோதிரம் போட வேண்டும். அவருடைய அம்மா மதலேனம்மாள், என் வருங்கால அத்தை, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மோதிரத்தில் மூன்று கல் இருக்க வேண்டும். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து, ஆளுக்கு ஒன்று. பணத்துக்கு? "அவன் சிறுகச் சிறுக சேர்த்துப் போட்டுருவான்" என்றார். நான்கு வெள்ளியில் எவ்வளவு சிறுக என்று அவர் சொல்லவில்லை.

சூலியா தெருவில் செய்யது நானாவின் நகைக்கடைக்குப் போனோம். விலையைக் கேட்டதும் இன்னாசி கூரையைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார்.

"ஒரு கல்லு போதும் புள்ள. ஆண்டவன் ஒருத்தன்தானே? விலையும் பாதியாப் போயிரும்லா."

"எங்க அத்தைக்கு மூணு வேணும் நானா."

"அப்ப அத்தையத்தான் கேக்கணும். பள்ளிக்கூட வாத்தியாரு மாதிரி இருப்பாங்களோ?"

"அவங்ககிட்ட நீங்க ஒரு கல்லுன்னு சொன்னா, மூணு வெளக்கம் சொல்லுவாங்க" என்றார் இன்னாசி.

நான் பட்டியலை வெளியே எடுத்தேன். முன்பணம் ஆறு, என் சேமிப்பிலிருந்து. மாதம் ஐந்து: இன்னாசி இரண்டு, என் முப்பத்திரண்டு வெள்ளிச் சம்பளத்திலிருந்து நான் மூன்று. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். என் பங்கு அத்தைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னாசி தலைநிமிர்ந்து வீட்டுக்குள் நுழைய முடியாது. நானா பட்டியலைப் படித்துவிட்டு இன்னாசியிடம், "தம்பி, இந்தப் புள்ளய வீட்டுக்கு எடுக்கிறியா, கடைக்கு எடுக்கிறியா? கடைக்குன்னா நான் எடுத்துக்கிறேன்" என்றார். பிறகு தம் நிபந்தனையைச் சொன்னார்: கடைசி வெள்ளி விழும்வரை மோதிரம் அவருடைய பெட்டியை விட்டு நகராது.

விரல் அளவை நானே கொண்டு போயிருந்தேன். காலை ஆறு மணிக்கு மெல்லிய செம்புக் கம்பியை விரலில் சுற்றி, முறுக்கி, மூன்று முறை சரிபார்த்த அளவு.

"அரை நூல் கூட்டிப் போடவா?" என்றார் நானா.

"வேண்டாம். அளவு துல்லியமா இருக்கு."

"கம்பி துல்லியமா இருக்கும் புள்ள. விரலு அப்படி இருக்காதே."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பலகையில் வேலை செய்கிறவளுக்குக் கம்பிமேல் நம்பிக்கை அதிகம்.

ஆனால் பட்டியலின் பிழை அதுவல்ல. பன்னிரண்டாவது தவணை மார்ச்சில் விழுகிறது. மார்ச், உயிர்த்த திருநாளுக்கு முந்தைய நாற்பது நாள் தபசுக்காலம். தபசுக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. பிறந்த நாள் முதல் கோயில் வாசலில் வளர்ந்த இரண்டு பேர், இரண்டு பேருமே நாட்காட்டியை எண்ணினோம். ஒருவருக்கும் தபசுக்காலம் நினைவுக்கு வரவில்லை. அத்தைக்கு வந்தது. அக்டோபரில் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். உயிர்த்த திருநாள் முடியும்வரை காத்திருக்கவும் முடியாது. இன்னாசியின் ஞானத்தகப்பன், நிபோங் திபால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, டிசம்பரில் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்; அவர் இருக்கும்போதே நடக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. ஆகவே நவம்பரிலேயே கல்யாணம். முறைப்படி மோதிரம் முதலில், கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை பிறகு. நாள் போதாததால் அத்தை சாமியாரைப் பார்த்து வரிசையை மாற்றிவிட்டார். எங்களிடம் சொல்லக்கூட இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு, எல்லாப் பூசையிலும் எங்கள் திருமண ஓலை வாசிக்கப்பட்டது.

ஏழு மணிப் பூசையில், என் முன் வரிசைக்கு முன் வரிசையில், வெள்ளைக் காலர் ஒன்று இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கைகளை நீட்டினேன். மிஸ் ரோசலின் வழக்கத்தைவிடச் சற்று நேரம் பார்த்தார். திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "கைகள் பார்க்கப்பட்டன, மோதிரம் இல்லை" என்று எழுதினார்.

"மிஸ், நேற்றுக் கோயிலில்..."

"நான் திங்கள் முதல் சனி வரை இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன், லூசியா" என்றார். "ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காது கிடையாது."

ஆனால் காது உள்ளவர்கள் ஆபீசில் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மோதிரம் வெளியே வந்தாக வேண்டும். அன்றிரவு ஒரு தாளில் நிலைமையை எழுதினேன். கட்டியது நாற்பத்தொன்று. மீதி இருபத்தைந்து. கையில் இருப்பது ஒன்றுமில்லை. அன்பளிப்பு முப்பத்திரண்டு கிடைத்தால் கடன் தீரும். அன்பளிப்புக் கிடைக்க மோதிரத்தைக் காட்ட வேண்டும். மோதிரம் வெளியே வர இருபத்தைந்து கட்ட வேண்டும். இரண்டு முனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. மோதிரம் வராவிட்டால் நிச்சயம் இல்லை, ஞானத்தகப்பன் கப்பலேறிவிடுவார், கல்யாணம் உயிர்த்த திருநாளுக்குப் பிறகுதான். அதற்குள் யாராவது துரையிடம் சொல்லிவிடுவார்கள். வேலையும் இருக்காது, மோதிரமும் இருக்காது, அன்பளிப்பும் இருக்காது.

இன்னாசி, "அம்மாகிட்ட உண்மையச் சொல்லிரவா?" என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவரால் முடியாது.

"வேணாம். நானாவத்தான் ஆபீசுக்கு வரச் சொல்லணும்" என்றேன்.

நானாவின் நிபந்தனை, மோதிரம் பெட்டியை விட்டு நகராது என்பதுதானே? பெட்டியே நகரலாமே. முதலில் அவர் சிரித்தார். பிறகு யோசித்தார். கடைசியில், "சரி புள்ள. ஆனா நான் கண்ணெடுக்க மாட்டேன். மோதிரம் உன் விரல்ல இருக்கிற வரைக்கும் அந்த விரலும் என்னோட சரக்குதான்" என்றார்.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை மாலை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு நானா வந்தார்: கோட்டு, தொப்பி, குடை, இடுப்புப் பட்டையில் பெட்டி. துரையின் அறை வாசலில் மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார். வெயிலில் மூன்று கல்லும் பளிச்சென்றன. போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது.

துரை மூக்குக் கண்ணாடி வழியாக மோதிரத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பின்னால் குடையோடு நின்ற நானாவை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"இவர்தான் மாப்பிள்ளையா?"

"இல்லை சார். மோதிரத்தின் சொந்தக்காரர்."

துரை பேனாவை எடுத்தார். சீட்டில் கையெழுத்துப் போட்டு, "கேஷியரிடம்" என்றார்.

கேஷியர் லிம்மின் கூண்டு பூட்டியிருந்தது.

நானா கடிகாரத்தைப் பார்த்தார். "ஜும்மா தொழுகைக்குப் போவணும் புள்ள. மோதிரத்தக் கழட்டிக் குடு, நாளைக்குப் பாக்கலாம்."

கழற்றினேன். வரவில்லை. திருகினேன். வரவில்லை. காலை ஆறு மணி விரல் வேறு, நவம்பர் மாதத்து நண்பகல் விரல் வேறு என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். இழுக்க இழுக்க விரல் வீங்கிற்று.

"அரை நூலுன்னு சொன்னேன்லா!" என்றார் நானா. தலையில் கை வைக்கப் போனவர், தொப்பி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "இப்ப நான் என்னா செய்ய? உன்னயும் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போவ முடியுமா?"

கேஷியரைக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி. சுவிட்ச்போர்டு அறைக்கு ஓடினேன். நானா குடையோடு பின்னால் ஓடிவந்தார். மிஸ் ரோசலின் என் கையைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார்.

"மோதிரம் அணிந்த கை பலகையைத் தொடக் கூடாது."

"தெரியும் மிஸ். கழற்ற முடியவில்லை. கேஷியரைக் கூப்பிட வேண்டும். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள்."

அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோதிரம் எந்தக் கையில்?"

"இடது."

"வலது கையில் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

அவர் எழுதினார். நான் தலைகீழாகவே படித்தேன்: "பதினொன்று ஐம்பத்திரண்டு. வலது கை பணியில். இடது கை விடுப்பில்."

இடது கையை மேசைமேல், நானாவின் கண்ணெதிரே வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்குக் காவல் உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் செருகினேன். நான்கு: பில் பிரிவு. இல்லை. ஒன்பது: சரக்கறை. இல்லை. பதினொன்று: வெளிவாசல் காவலாளி, வெளியே போகவில்லை என்றான்.

லிம் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். நண்பகலில் படகுத்துறைக் கொட்டகையில், இருபத்திரண்டாம் எண்ணில், படகுக்காரர்களோடு சீனச் சதுரங்கம் ஆடுவார். இணைப்பில் கேட்டுத் தெரிந்தது. கேட்டதை மறந்துவிட வேண்டும் என்பது விதி. பிளக்கைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் மிஸ் ரோசலின்.

"எங்கே என்று தெரியும் மிஸ். ஆனால் தெரிந்த விதம் சரியில்லை."

அவர் கழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நானாவைப் பார்த்தார். "கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் விதி. நீ என்னிடம் எதுவும் சொல்லாதே. எந்தத் துளையில் வேண்டுமானாலும் செருகு."

இருபத்திரண்டில் செருகினேன். மணி அடித்தேன். காய்கள் பலகையில் தட்டும் சத்தமும், சிரிப்பும், பிறகு லிம்மின் குரலும் கேட்டன. சீட்டு இருக்கிறது என்றேன். "நந்தி லா, நந்தி லா" என்றார். பிறகு பார்க்கலாம் என்று மலாயில். ஆட்டத்தில் வெல்லும் நேரம் போலிருக்கிறது. மிஸ் ரோசலின் என் தலையிலிருந்து காதுக்கருவியை எடுத்துத் தம் தலையில் மாட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் லிம், மானேஜர் கையெழுத்திட்ட சீட்டு உங்கள் கூண்டு வாசலில் காத்திருக்கிறது. நேரம் பன்னிரண்டு மூன்று. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

பன்னிரண்டு பத்துக்கு லிம் மூச்சிரைக்க வந்து முப்பத்திரண்டு வெள்ளியை எண்ணிவைத்தார். இருபத்தைந்தை நானாவிடம் கொடுத்தேன். அவர் பென்சிலை நாக்கில் தொட்டு, 'முழுத்தொகையும் வந்தது' என்று ரசீது எழுதினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஐம்பது காசை மேசைமேல் வைத்தார்.

"எதுக்கு நானா?"

"சவுக்காரம் வாங்கி விரல்ல தேச்சுக் கழட்டிக்க. மூணு கல்லும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மோதிரம் சவுக்காரமே இல்லாமல் கழன்றது. ஏழு மணிக்குக் கடைசித் தடவையாகக் கைகளை நீட்டினேன். மிஸ் ரோசலின் வழக்கமான வாக்கியத்தையே எழுதினார். எழுதி முடித்த பிறகு, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

ஞாயிறு மாலை, சொந்தக்காரர்கள் நடுவே இன்னாசி மோதிரத்தைப் போட்டார். கணுவில் நின்றுவிட்டது. அத்தை குனிந்து பார்த்தார்.

"அளவு சரியாத்தானேடா குடுத்தே?"

"நேத்துக் காலையில சரியாத்தான் இருந்துச்சும்மா" என்றார் இன்னாசி.

வாய் தவறிவிட்டது. நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். அத்தை தாமே என் விரலைப் பிடித்து மோதிரத்தை மெல்லத் திருகி உள்ளே தள்ளினார். நெற்றியில் முத்தமிடக் குனிந்தவர் காதருகில் சொன்னார்:

"கையில நாலு வெள்ளி குடுத்து அனுப்புறவ நான். அதுல எத்தன கல்லு வாங்கலாம்னு எனக்குத் தெரியாதா? அவன்கிட்டச் சொல்லாத. நெஞ்ச நிமித்தி நடக்கிறான், பாக்க நல்லா இருக்கு."

தெரசாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: தவணை போடுமுன் தபசுக்காலத்தைப் பார். நானா அரை நூல் கூட்டச் சொன்னால் கூட்டு.

இப்போதைய நிலை: கம்பெனி விதி மாறவில்லை. பதினேழாம் எண்ணின் தகடு இன்னும் தானாக விழுகிறதாம்; நான் போய்ச் சரிசெய்ய அனுமதி இல்லை. மோதிரத்துக்கு நான் கொடுத்தது ஐம்பத்திரண்டு, இன்னாசி கொடுத்தது பதினான்கு. என் பங்கைத் திருப்பியே தீருவேன் என்று டிசம்பரிலிருந்து மாதம் இரண்டு வெள்ளி எனக்குக் கட்டி வருகிறார். தபசுக்காலத்தில் ஒரு தவணைக்கு விடுமுறை கேட்டார், கொடுக்கவில்லை. இதுவரை ஐந்து தவணை வந்திருக்கிறது. மோதிரம் என் விரலில் இருக்கிறது. மீதி நாற்பத்திரண்டு வெள்ளி.